பூனை வளர்க்கத் தடை: சொசைட்டிக்கு அந்த அதிகாரம் உண்டா?

மும்பை ஆண்டாப்ஹில் பகுதியிலுள்ள ஓர் ஏழு மாடிக் கட்டடத்தின் நோட்டீஸ் பலகையில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாள் ஒட்டப்பட்டது. கட்டடத்தில் நாய், பூனை முதலிய பிராணிகளை வளர்க்கக் கூடாது. வைத்திருப்பவர்கள் 15 நாட்களுக்குள் அப்புறப்படுத்திவிட வேண்டும். தவறினால் மாதம் 1,000 ரூபாய் அபராதம் மெயின்டனன்ஸ் பில்லோடு சேர்த்து வசூலிக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. கீழே சேர்மன், செக்ரட்டரி, பொருளாளர் மூவரின் கையெழுத்து.

அந்தக் கட்டடத்தில் நாய் எதுவும் கிடையாது. பூனை ஒன்றே ஒன்று உண்டு. நான்காவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பூனை அது. வீட்டுக்காரர் மஸ்ஜித் பந்தரில் ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடியிருந்தபோது எலித் தொல்லைக்காகக் கொண்டுவந்த குட்டி, குடும்பம் மாடிக் கட்டடத்துக்கு மாறியபோது பாத்திர பண்டங்களோடு டெம்போவில் ஏறி வந்துவிட்டது. நோட்டீசில் கையெழுத்துப் போட்ட பொருளாளரும் நெல்லைக்காரரே. "அண்ணாச்சி, நீங்களுமா?" என்று வீட்டம்மாள் கேட்டார். "நான் என்னம்மா செய்ய, கமிட்டி முடிவுல்லா" என்று பதில் வந்தது.

ஒரு பூனைக்காக இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. விஷயம் பூனையோடு நிற்கவில்லை. மும்பைத் தமிழர்களில் பெரும் பகுதியினர் சால்களிலும் குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்து, இப்போது கட்டடங்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். சிலருக்கு குடிசை மாற்றுத் திட்டத்தில் வீடு கிடைத்திருக்கிறது. சிலர் கல்யாண், டோம்பிவிலி, பன்வேல் என்று தள்ளிப்போய் வாடகைக்கு இருக்கிறார்கள். தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டர் 2022இல் முடிவாகி, 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பும் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டம். வீடு கிடைக்கும்போது கூடவே சொசைட்டியும் வரும், கமிட்டியும் வரும், நோட்டீஸ் பலகையும் வரும். சாலில் பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டு, மறுநாள் சமாதானம் ஆகிவிடலாம். கட்டடத்தில் எல்லாம் எழுத்தில் நடக்கும். அந்த எழுத்து எதுவரை செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்திருப்பது நம்மவர்களுக்கு அவசியம்.

சட்டம் சொல்வது என்ன?

1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது பிராணிகள் நல வாரியம். 1962இல் இது சென்னையில் தொடங்கியபோது முதல் தலைவராக இருந்தவர் கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அருண்டேல். பல காலம் சென்னையிலேயே இயங்கிய இந்த வாரியம் பின்னர் அரியானாவிலுள்ள பல்லப்கருக்கு மாற்றப்பட்டது. வாசகர்களுக்கு இன்னொரு விதத்திலும் இதன் பெயர் நினைவிருக்கும். ஜல்லிக்கட்டுக்கு எதிராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 2014 மே 7ஆம் தேதி தடை வாங்கியது இதே வாரியந்தான். 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதும், தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியதும், 2023 மே 18இல் சுப்ரீம் கோர்ட்டு அரசியல் சாசன பெஞ்சு அந்தத் திருத்தம் செல்லும் என்று கூறியதும் பிறகு நடந்தவை. அன்று நம்மவர்கள் யாரை ஏசினார்களோ அதே வாரியத்தின் கடிதத்தைத்தான் இன்று ஆண்டாப்ஹில் பூனைக்காகக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது!

அந்தக் கடிதம் 2015 பிப்ரவரி 26ஆம் தேதி வெளியான சுற்றறிக்கை. குடியிருப்போர் சங்கங்களும் அடுக்குமாடி உரிமையாளர் சங்கங்களும் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை விதிக்க முடியாது என்று அது திட்டவட்டமாகக் கூறுகிறது. பெரும்பான்மையோர் கை தூக்கினாலும் முடியாது, துணை விதியைத் திருத்தி எழுதினாலும் முடியாது. லிப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இரண்டு லிப்டு இருந்தால் ஒன்றை உபயோகிக்கும்படி சொல்லலாம். தனிக் கட்டணமோ அபராதமோ விதிப்பதற்கும் இடமில்லை. பிராணியின் மலத்தை எடுத்துச் சுத்தம் செய்யும்படி கேட்டுக்கொள்ளலாமே தவிர கட்டாயப்படுத்த முடியாது என்கிற அளவுக்குச் சுற்றறிக்கை போகிறது. இந்தக் கடைசி விஷயத்தில் வாரியம் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொண்டிருக்கிறது. மாடிப்படியில் கால் வைக்கிறவனுக்கும் நியாயம் உண்டல்லவா?

சுற்றறிக்கை பெரும்பாலும் நாயைப் பற்றியே பேசுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் தலைப்பே அப்படித்தான். ஆனால் குரைக்கிற, உருவத்தில் பெரிய நாய்க்கே தடை போட முடியாது என்றால், கட்டிலுக்கடியில் தூங்குகிற பூனைக்கு எப்படிப் போட முடியும் என்ற கேள்விக்குக் கமிட்டிகளிடம் பதில் இருக்காது.

சுற்றறிக்கை வேறு, கோர்ட்டுத் தீர்ப்பு வேறு. தீர்ப்பும் வந்திருக்கிறது. கேரள ஐகோர்ட்டு 2021 நவம்பரில் அளித்த தீர்ப்பில், குடியிருப்போர் வளர்ப்புப் பிராணி வைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் துணை விதிகள் சட்ட விரோதமானவை, அரசியல் சாசனத்துக்கு முரணானவை, அவற்றை அமல்படுத்த முடியாது என்று கூறியது. "இங்கு பிராணிகளுக்கு அனுமதி இல்லை" என்று போர்டு வைப்பதையும் தவறு என்றது. பிற உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51ஏ(ஜி) பிரிவு சொல்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அந்தத் திருத்தத்தில் வந்தவற்றில் எத்தனையோ பின்னால் நீக்கப்பட்டன, இது நிலைத்துவிட்டது.

பூனை விஷயத்தில் கேரள ஐகோர்ட்டுக்கு அதற்கு முன்பே அனுபவம் உண்டு. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது கொச்சியைச் சேர்ந்த ஒருவர், தம் மூன்று பூனைகளுக்கு பிஸ்கட் வாங்கப் போக போலீஸ் பாஸ் தரவில்லை என்று ஐகோர்ட்டுக்குப் போனார். தாம் சைவம் என்பதால் வீட்டில் மீன், இறைச்சி சமைப்பதில்லை, பிஸ்கட்டை விட்டால் வேறு வழியில்லை என்பது அவர் வாதம். நாடே அடைபட்டுக் கிடந்த நேரத்தில் நீதிபதிகள் மனுவைக் கேட்டு அனுமதி கொடுத்தார்கள்.

எதிர்த்தரப்பு வாதம்

சொசைட்டிக்காரர்கள் பக்கமும் ஒரு பலமான தீர்ப்பு இருக்கிறது. ஆமதாபாத்தில் பார்சிகளுக்கென்று ஏற்பட்ட ஒரு வீட்டு வசதிச் சங்கத்தின் வழக்கில், பார்சி அல்லாதவரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்ற துணை விதி செல்லும் என்று 2005இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. துணை விதி என்பது உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் மாதிரி. மனமொப்பிச் சேர்ந்தவர் பிறகு அதை மீறக் கூடாது என்பது அதன் சாரம். மனிதனையே வேண்டாம் என்று சொல்ல சங்கத்துக்கு உரிமை இருக்கும்போது பூனையை வேண்டாம் என்று சொல்லக் கூடாதா என்று கேட்கிறார்கள். மீன் சமைப்பவர்களுக்கு வீடு இல்லை என்று புரோக்கரிடம் கேட்டுத் திரும்பிய தமிழர்களுக்கு இந்த வாதத்தின் ருசி நன்றாகத் தெரியும்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. யாரைச் சேர்ப்பது என்பது ஒரு விஷயம். சேர்ந்தவர் தம் வீட்டுக்குள் எப்படி வாழ்வது என்பது வேறு விஷயம். கேரள ஐகோர்ட்டு இந்த இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டது. அதன் தீர்ப்பு மராட்டியத்தில் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. பம்பாய் ஐகோர்ட்டு எடுத்துப் பார்த்து மதிப்புக் கொடுக்கும், அவ்வளவுதான். மராட்டியத்தில் சொசைட்டிகள் 1960ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கமிட்டி முடிவை ஆட்சேபிக்கும் உறுப்பினர் வட்டாரத் துணைப் பதிவாளருக்கு எழுதலாம், 91ஆவது பிரிவின்படி கூட்டுறவுக் கோர்ட்டுக்கும் போகலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பதில்லை. சுற்றறிக்கையின் நகலை இணைத்து ஒரு பதிவுத் தபால் அனுப்பினாலே நோட்டீசைக் கிழித்துவிடும் கமிட்டிகள் உண்டு.

யார் பெயரில் வீடு?

இதுவரை சொன்னதெல்லாம் உறுப்பினருக்கு, அதாவது வீட்டுச் சொந்தக்காரருக்கு. நம்மவர்களில் எத்தனை பேர் சொந்தக்காரர்கள்? ஆண்டாப்ஹில் குமாஸ்தா, பலரைப் போல, 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் இருப்பவர். இங்கேதான் முடிச்சு விழுகிறது.

சொசைட்டி தடை போட முடியாது என்பது சொசைட்டிக்குச் சொன்ன புத்தி. வீட்டு ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே உள்ளது தனி ஒப்பந்தம். அதில் "பிராணிகள் வளர்க்கக் கூடாது" என்று ஒரு ஷரத்து சேர்த்திருந்தால், கையெழுத்துப் போட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றுதான் ஓனர் வாதிடுவார். ஷரத்து இல்லாவிட்டாலும் என்ன? கமிட்டி குடித்தனக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை, ஓனருக்கு ஒரு போன் போட்டால் போதும். ஓனர் பூனையைப் பற்றிப் பேசவே மாட்டார். "இந்த முறை அக்ரிமெண்ட் புதுப்பிக்கப்போவதில்லை, மகனுக்கு வீடு வேண்டும்" என்பார். காரணம் சொல்லக்கூட அவருக்குக் கட்டாயமில்லை. 1999ஆம் ஆண்டின் மராட்டிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் ஓனர் பக்கமே இருக்கிறது. தவணை முடிந்தும் காலி செய்யாத லைசென்ஸ்காரர் இரட்டை வாடகை கொடுக்க வேண்டும் என்பது அதன் 24ஆவது பிரிவு.

ஆகவே வாடகைக்கு வீடு எடுப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். இங்கிலீஷில் பத்துப் பக்கம் இருக்கிறதே என்று ஏஜெண்டு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். பிராணி பற்றிய ஷரத்து இருந்தால் அப்போதே பேசி அடிக்கச் சொல்லலாம். பூனை இருக்கிறது என்பதை ஓனரிடம் மறைக்காமல் சொல்லி, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கலாம். ஒப்பந்தம் பதிவு ஆவதால் அந்த வரிக்கு மதிப்பு உண்டு. மறைத்துக் கொண்டுவந்த பூனை என்றைக்காவது ஜன்னலில் உட்காரத்தான் செய்யும்.

குடிசை மாற்றுத் திட்டத்தில் வீடு பெற்றவர்கள் நிலை வேறு. அவர்களே சொசைட்டி உறுப்பினர்கள். அவர்களை யாரும் பூனையைக் காட்டி மிரட்ட முடியாது. ரெயில்வே குவார்ட்டர்ஸ், போர்ட் டிரஸ்ட் குவார்ட்டர்சில் சொசைட்டியே கிடையாது. அங்கே இலாகா விதிதான்.

சுப்ரீம் கோர்ட்டைக் காட்டி மிரட்டல்

கமிட்டிகளுக்கு அண்மைக் காலத்தில் துணிச்சல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஆகஸ்டு 11ஆம் தேதி டெல்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நாடு முழுவதும் கூச்சல் எழுந்து, ஆகஸ்டு 22ஆம் தேதி அது திருத்தப்பட்டது. வெறிநாயும் மூர்க்கமான நாயும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றார்கள். பிறகு நவம்பர் 7ஆம் தேதி, பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும், திரும்பக் கொண்டுவந்து விடக் கூடாது என்று இன்னொரு உத்தரவு வந்தது.

இவை மூன்றும் தெருநாய் பற்றியவை. வீட்டுக்குள் வளரும் பூனைக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் நோட்டீசில் "மாண்புமிகு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவை முன்னிட்டு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் குடித்தனக்காரர் பயந்துவிடுகிறார். ஆண்டாப்ஹில் நோட்டீசிலும் அந்த வரி இருந்தது. எந்தத் தேதி உத்தரவு, எத்தனையாவது பாரா என்று எழுத்தில் கேட்டால் பதில் வராது.

குறைகளும் உண்மைதான்

பூனை வைத்திருப்பவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆண் பூனைக்குக் கருத்தடை செய்யாவிட்டால் கதவோரமெல்லாம் மூத்திரம் அடித்துவைக்கும். அந்த நாற்றம் எந்த பினாயிலுக்கும் போகாது. பெண் பூனை ஆறு மாதத்திலேயே சினைப்படக்கூடியது. ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும், ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. ஒரு பூனை என்று தொடங்கியது இரண்டாவது வருஷம் மாடிப்படி நிறைய நின்றால் அண்டை வீட்டார் கோபப்படுவதில் தவறு இல்லை. வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல, பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வரக்கூடும். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது பூனைக்கும் நல்லது, தகராறு வந்தால் வழக்குக்கும் நல்லது.

கர்ப்பிணிப் பெண் உள்ள வீட்டில் பூனை ஆகாது என்று ஆண்டாப்ஹில்லில் ஒரு புகார் எழுந்தது. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கக்கூடும். அது கருவைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் மலம் வெளியேறி ஒரு நாளாவது கழிந்த பிறகே அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வருகிறது. மண்தட்டைத் தினமும் சுத்தம் செய்து, அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் வேறொருவர் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் அதே கிருமி வரும். அதற்காக எந்த சொசைட்டியும் மட்டன் கடையை மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியதில்லை.

பூனை குறுக்கே போனால் போன காரியம் விளங்காது என்ற சகுனப் பேச்சும் கமிட்டிக் கூட்டத்தில் அடிபட்டதாம். இதில் மட்டும் தமிழர், மராட்டியர், குஜராத்தி என்ற வித்தியாசம் கிடையாது.

எலியை யார் பிடிப்பது?

மும்பை எலிகளின் ஊர். இரவில் டார்ச்சும் தடியுமாக எலி அடிப்பதற்கென்றே மாநகராட்சி ஆள் வைத்திருக்கிற நகரம் இது. 1896இல் பிளேக் இந்த ஊரில்தான் பரவத் தொடங்கி, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ரெயிலேறி ஓடினார்கள். எலித் தெள்ளினால் பிளேக் பரவுகிறது என்று பிரெஞ்சு டாக்டர் சிமோன் 1898இல் கராச்சியில் கண்டறிந்தார். 2005 ஜூலை 26ஆம் தேதிப் பெருமழைக்குப் பின் எலிக்காய்ச்சல் வந்து பலர் மாண்டதை நம் வாசகர்களில் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். ஒரு பூனை நகரத்து எலியை ஒழித்துவிடாது. பெருச்சாளியைக் கண்டால் ஒதுங்கிப் போகும் பூனைகளே அதிகம். ஆனால் சிறு எலி, சுண்டெலி அண்டாது. ஆண்டாப்ஹில் கட்டடத்தின் குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லை. மீட்டர் அறையில் எலி ஒயரைக் கடித்து ஒரு தடவை லிப்டு நின்றது. பூனைக்கு நோட்டீஸ் ஒட்டிய கமிட்டி, மூடிக்கு இன்னும் டெண்டர் கேட்கவில்லை.

"அப்புறப்படுத்த" என்றால் என்ன அர்த்தம் என்று நோட்டீஸ் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பலர் செய்வது இதுதான்: பூனையைச் சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டிலோ ரெயில்வே யார்டிலோ விட்டுவிட்டு வருவது. வீட்டில் வளர்ந்த பூனைக்கு அது சாவுக்குச் சமம். தக்க காரணமில்லாமல் பிராணியைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சட்டம் வந்தபோது அது பெரிய தொகை. இன்று ஒரு வேளை சாப்பாட்டுக்குக் காணாது. ஆனால் விஷம் வைத்தால் விளையாட்டல்ல. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு, பிராணியைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. "இன்னும் இரண்டு நாளில் பார்" என்று மாடிப்படியில் நின்று வீரம் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று நினைப்பவர்களுக்கும் வழி சுலபமில்லை. ஸ்லீப்பர் வகுப்பில் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. ஏ.சி. முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும்; இல்லையேல் பார்சல் ஆபீசில் பதிவு செய்து கார்டு பெட்டியில் ஏற்ற வேண்டும். இரண்டு இரவுப் பயணத்துக்குக் கார்டு பெட்டியின் இரும்புக் கூண்டில் பூனையை ஏற்ற எந்த வீட்டம்மாளுக்கு மனம் வரும்? கூபேயின் கட்டணமோ குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும்.

ஆண்டாப்ஹில் குடும்பம் வாரியத்தின் சுற்றறிக்கையை இணைத்துக் கமிட்டிக்கு எழுதியது. அபராதம் மெயின்டனன்ஸ் பில்லில் வரவில்லை. நோட்டீசும் பலகையிலிருந்து எடுக்கப்பட்டது. பொருளாளர் அண்ணாச்சியே வந்து, "தப்பா நினைச்சுக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை மாதம் கழித்து 11 மாதம் முடிந்தது. ஓனர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மகனுக்கு வீடு வேண்டுமாம்.

குடும்பம் இப்போது கல்யாணுக்கு அப்பால் வீடு பார்த்துப் போயிருக்கிறது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, டெம்போ கூலி, குழந்தைக்கு வேறு பள்ளிக்கூடம், வீட்டுக்காரருக்கு லோக்கல் ரெயிலில் கூடுதலாக ஒன்றேகால் மணி நேரம். புதிய ஒப்பந்தத்தில் பிராணி ஷரத்து இருந்தது. அடிக்கச் சொன்னதற்கு அந்த ஓனர் சம்மதிக்கவில்லை. பூனை தற்சமயம் தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், வீட்டம்மாளின் தங்கை வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தச் சந்திலும் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு முடிந்து, கதவுக் கதவாக எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.